நல்ல பார்பிக்யூ சாஸ்: முதலில் புளிப்பு, இனிப்பு அப்புறம்

உங்களுக்குப் பிடித்த பார்பிக்யூ சாஸ் எது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வாங்கிய பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி இனிக்கின்றன, கிரில்லில் தடவினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிக் கசந்துவிடுகின்றன, அப்படியிருக்க அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சாஸுக்காக ஏன் சண்டை போடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிவிட்டு நான் போய்விட்டால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. ஒரு சாஸை நல்ல சாஸ் ஆக்குவது எது, கடையில் கிடைப்பதில் அது ஏன் இல்லை, இவைதான் உங்கள் கேள்விகள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். சாஸ், கெட்சப் வகைகளின் தரக்கட்டுப்பாட்டில் பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். வேலைக்கு வெளியே, விறகுப் புகையில் மணிக்கணக்காகக் கறி வேக வைப்பதில், அதாவது பார்பிக்யூவில், எனக்குத் தீராத ஆசை. இந்த இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: சாஸை மட்டும் விரலில் தொட்டு நக்கிப் பார்த்து அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. எந்தக் கறியின் மேல் போகிறது, அந்தக் கறியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பொறுத்துத்தான் சாஸ். தனியாகச் சாப்பிடும்போது அருமையாக இருக்கும் சாஸ் கறியோடு சேர்ந்ததும் திகட்டும். தனியாகச் சாப்பிட்டால் முகம் சுளிக்க வைக்கும் சாஸ், கொழுப்புள்ள பன்றிக்கறியோடு சேர்ந்ததும் உயிர் பெற்றுவிடும். கடைகளில் விற்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை முதல் வகை. முதல் சொட்டிலேயே பிடித்துப்போக வேண்டும் என்று செய்யப்பட்டவை அவை.

பார்பிக்யூவுக்குப் போகும் கறித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பன்றியின் தோள்பட்டை, விலா, மாட்டின் மார்புப் பகுதியான பிரிஸ்கெட். எல்லாமே கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிறைந்தவை. மணிக்கணக்கில் மெதுவாக வேகும்போது அந்தத் திசுவில் உள்ள கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகிறது. வாயில் வழுவழுப்பாக ஒட்டும் தன்மை அதனால் வருகிறது. இரண்டு வாய் சாப்பிட்டதும் நாக்கின் மேல் கொழுப்பு படிந்துவிடும், மூன்றாவது வாயில் சுவை மங்கும். அந்தப் படலத்தை அறுத்துவிட்டு அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார்ப்படுத்துவது புளிப்பு. சர்க்கரையால் அது முடியாது. அதனால்தான் நான் எந்தச் சாஸிலும் முதலில் புளிப்பைத் தேடுகிறேன். அப்புறம் உப்பு, காரம். இனிப்புக்குக் கடைசி இடம். இனிப்பே கூடாது என்று சொல்லவில்லை. வினிகரின் கூர்மையை மட்டுப்படுத்த அது வேண்டும்தான், ஆனால் முன்னால் வந்து நிற்கக் கூடாது.

இதற்குச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதி. அங்கே முழுப் பன்றியையும் விறகுக் கனலில் இரவெல்லாம் வேக வைத்து, எல்லாப் பாகத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கொத்துகிறார்கள். அதற்கு ஊற்றும் சாஸில் தக்காளி கிடையாது, கெட்சப் கிடையாது. வினிகர், உப்பு, சிவப்பு மிளகாய்த் துகள், மிளகு. சிலர் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார்கள், அவ்வளவுதான். தண்ணீர் மாதிரி ஓடும். பாட்டிலைப் பார்த்தால் அடியில் மிளகாய் விதைகள் படிந்திருக்கும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். முதல் முறை பார்ப்பவர்கள் இதையா சாஸ் என்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீர்த்தன்மைதான் அதன் பலம். கெட்டியான சாஸ் கறியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இது கொத்திய கறியின் இழைகளுக்குள் இறங்கி, ஒவ்வொரு துணுக்கையும் நனைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஏய்டன் என்ற சிற்றூரில் பீட் ஜோன்ஸ் 1947-இல் தொடங்கிய ஸ்கைலைட் இன் கடையில் இந்த வழக்கத்தை இன்றும் பார்க்கலாம். மரக்கட்டையின் மேல் கறியைக் கொத்தும்போதே வினிகரும் உப்பும் காரச் சாஸும் உள்ளே போய்விடுகின்றன. மொறுமொறுப்பான தோலையும் சேர்த்தே கொத்துகிறார்கள். தட்டுக்கு வரும்போது சாஸ் எது கறி எது என்று பிரிக்க முடியாது.

வீட்டில் செய்ய இதைவிடச் சுலபமான சாஸ் இல்லை. இரண்டு கப் ஆப்பிள் சைடர் வினிகருக்கு ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த் துகள், இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், விருப்பப்பட்டால் ஒரு மேசைக்கரண்டி பிரவுன் சுகர். அடுப்பே வேண்டாம். பாட்டிலில் போட்டு உப்பு கரையும் வரை குலுக்கி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மிளகாயின் நிறமும் காரமும் மெல்ல வினிகருக்குள் இறங்கும். முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அதே மாநிலத்தில் மேற்கே போனால் லெக்சிங்டன். அங்கே முழுப் பன்றி இல்லை, தோள்பட்டை மட்டும். சாஸை டிப் என்பார்கள். அடிப்படை அதே வினிகர்தான், ஆனால் கொஞ்சம் கெட்சப்பும் தண்ணீரும் சர்க்கரையும் சேரும். இளஞ்சிவப்பு நிறத்தில், அப்போதும் நீர்த்த பதத்தில்தான் இருக்கும். முட்டைகோஸ் சாலட்டில்கூட மயோனைஸுக்குப் பதில் இதே டிப்பைத்தான் ஊற்றுகிறார்கள். ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் எது என்று நீங்கள் கேட்டால், என் பதில் இந்த லெக்சிங்டன் டிப்தான். கிழக்குச் சாஸின் கூர்மை இதில் குறையவில்லை, ஆனால் வினிகரின் முனை மழுங்கியிருக்கிறது. தக்காளியிலிருந்து வரும் இயற்கையான குளூட்டமேட் என்ற சுவையூட்டும் பொருள், கறியின் சுவையையே கொஞ்சம் தூக்கிவிடுகிறது. இனிக்கிறதா என்று யோசிக்கும்போதே புளிப்பு வந்து அதைத் துடைத்துவிடும். கெட்சப்பைச் சேர்க்கலாமா கூடாதா என்று கிழக்குக்காரர்களும் லெக்சிங்டன்காரர்களும் போடும் சண்டைக்கு முடிவே இல்லை. நான் அதில் பக்கம் எடுத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் வாங்கிய பாட்டில்களுக்கு வருவோம். அவை எல்லாம் ஏறக்குறைய கான்சஸ் சிட்டி என்ற அமெரிக்க நகரத்தின் வழியில் வந்தவை: தக்காளி, மொலாசஸ் (சர்க்கரை தயாரிப்பில் மிஞ்சும் கறுப்புப் பாகு) அல்லது பிரவுன் சுகர், கெட்டியான பதம். ஆனால் அந்த ஊரின் மூலச் சுவை இப்படி இருந்ததில்லை. அங்கே பார்பிக்யூவுக்கு வித்திட்டவர் ஹென்றி பெர்ரி. 1908 வாக்கில் ஒரு சந்திலிருந்து கறி விற்கத் தொடங்கியவர். அவருடைய சாஸ் மிளகாயும் மிளகும் தூக்கலாக, கடுமையாக இருந்ததாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்டும், அப்புறம் அவருடைய தம்பி ஆர்தர் பிரையன்டும் அந்த வழியைத் தொடர்ந்தார்கள். ஆர்தர் காரத்தைக் கொஞ்சம் தணித்தார். இன்றும் ஆர்தர் பிரையன்ட் கடையின் சாஸ் இனிப்பைவிட வினிகரும் மிளகாயுமாகத்தான் இருக்கிறது, நாக்கில் மசாலாவின் நறநறப்பு தட்டுப்படும். உலகம் அறிந்த கெட்டியான இனிப்புச் சாஸ், அந்த ஊரைச் சேர்ந்த ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் 1977-இல் உருவாக்கிய கேசி மாஸ்டர்பீஸ் என்ற சாஸுக்குப் பிறகு பரவியது. 1986-இல் அதைப் பெரிய நிறுவனம் வாங்கியது, அதன் பிறகு நாடெங்கும் அதுவே அளவுகோல் ஆயிற்று. அதற்கும் முன்பே 1940-இல் ஹைன்ஸ் நிறுவனம் பாட்டிலில் பார்பிக்யூ சாஸ் விற்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் பார்பிக்யூ சாஸ் என்றதும் மக்கள் மனதில் வரும் அந்தக் கருஞ்சிவப்புப் பளபளப்புக்கு எழுபதுகள்தான் காரணம் என்பது என் கணிப்பு.

பாட்டில் ஏன் இனிக்கிறது என்பதற்கு லேபிளிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். பல பாட்டில்களில் முதல் பெயரே ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப், அதாவது மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு. தக்காளிக்கும் வினிகருக்கும் முன்னால் சர்க்கரைப் பாகு நிற்கிறது. அடுத்து ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். பரிமாறும் அளவு இரண்டு மேசைக்கரண்டி என்றிருக்கும், எடை ஏறத்தாழ 35 கிராம். அதில் சர்க்கரை 15, 16 கிராம் என்று போட்டிருந்தால், சாஸின் எடையில் பாதியை நெருங்குகிறது என்று அர்த்தம். 10 கிராமுக்கு மேல் போனால் நான் அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவேன். இந்த 10 என் சொந்தக் கணக்கு, எந்த விதியும் இல்லை. ஆனால் இதை மட்டும் பார்த்து வாங்கினாலே உங்கள் குறையில் பாதி தீர்ந்துவிடும். சர்க்கரையைக் கொட்டுவதற்குத் தயாரிப்பாளர்கள் பக்கத்தில் காரணங்கள் உண்டு. அது மலிவு, கெட்டித்தன்மை தருகிறது, கெடாமல் காக்க உதவுகிறது, கடையில் மாதிரிக்கு ஒரு கரண்டி சுவைப்பவரை உடனே மயக்குகிறது. கறியோடு ஒரு முழுத் தட்டு சாப்பிடுபவரை மனதில் வைத்து அது செய்யப்படவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கருகுவதும் இதே சர்க்கரையால்தான், இதில் சந்தேகமே இல்லை. சாதாரணச் சர்க்கரை 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் கேரமல் ஆகத் தொடங்கும். ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை 110 டிகிரியிலேயே தொடங்கிவிடும். ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப்பிலும் தேனிலும் அது அதிகம். நேரடியாகக் கனலுக்கு மேலே இருக்கும் கிரில் கம்பி 250 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே இனிப்புச் சாஸைத் தடவினால் தண்ணீர் ஆவியாகும் வரைதான் அதற்குப் பாதுகாப்பு. ஆவியானதும் வெப்பம் தாவி ஏறும், சில நிமிடங்களில் கரி. புகையில் மெதுவாக வேக வைக்கும் அடுப்பான ஸ்மோக்கரில் 110 முதல் 120 டிகிரி வரைதான் வெப்பம் என்பதால் அங்கே அவகாசம் உண்டு. அங்கேயும் ஆரம்பத்திலிருந்தே தடவக் கூடாது.

விலா எலும்புக்கு நான் செய்வது இப்படி. சாஸ் இல்லாமலேயே, உப்பும் மசாலாவும் மட்டும் போட்டு, கறி முழுதாக வெந்துவிட வேண்டும். வளைத்துப் பார்த்தால் மேல்பரப்பு மெல்ல விரிசல் விடும் பதம். அதன் பிறகுதான் சாஸ். சூடாக்கி, கொஞ்சம் வினிகர் விட்டு இளக்கி, பிரஷ்ஷால் மெல்லிய ஒரு பூச்சு. மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் சாஸ் ஈரப் பளபளப்பை இழந்து, விரலால் தொட்டால் விரலோடு வராமல் லேசாகப் பிடித்து இழுக்கும். அப்போது இரண்டாவது பூச்சு, முதலாவதைவிட மெல்லியதாக. இன்னும் பத்து நிமிடம். மேலே குமிழ்கள் சிறிதாக, சோம்பலாக எழும்பி உடையும் நேரத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். குமிழின் விளிம்பு கறுக்க ஆரம்பித்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது. இரண்டு மெல்லிய பூச்சு தரும் பிடிப்பை ஒரு தடித்த பூச்சு தராது. தடித்தது மேலே ஓடாக இறுகும், அடியில் குழம்பாகவே இருக்கும். உங்களிடம் இருப்பது சாதாரண கிரில் என்றால், கனலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கறியைக் கனல் இல்லாத பக்கத்துக்கு நகர்த்திய பிறகு தடவுங்கள். கையில் இருக்கும் இனிப்புப் பாட்டிலே போதும், கருகாது.

கோழிக்கு எனக்குப் பிடித்தது, பார்ப்பவர்கள் பார்பிக்யூ சாஸ் என்றே நம்பாத ஒன்று. அலபாமாவின் டிகேட்டர் ஊரில் பிக் பாப் கிப்சன் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் கிப்சன் 1925-இல் கொண்டுவந்த வெள்ளைச் சாஸ். மயோனைஸ், வினிகர், எலுமிச்சைச் சாறு, நிறைய மிளகு, உப்பு, சிலர் கையில் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேர். புகையில் வெந்த முழுக் கோழியைப் பாத்திரத்தில் இருக்கும் சாஸில் அப்படியே முக்கி எடுப்பார்கள். இதுவரை சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகிறது. கோழி நெஞ்சுக்கறியில் கொழுப்பு இல்லை, புகையில் வைத்தால் சீக்கிரம் வறண்டுவிடும். ஆகவே சாஸ் புளிப்போடு கொழுப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மயோனைஸில் எடையில் 65 சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. அது வினிகரைத் தாங்கிக்கொண்டு கறியின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. மிளகின் மணமும் காரமும் எண்ணெயில் நன்றாகக் கரைவதால் பரவலாகத் தெரிகிறது. ஒரு கப் மயோனைஸுக்குக் கால் கப்புக்கும் கொஞ்சம் கூடுதலாக வினிகர், ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு மேசைக்கரண்டி கரகரப்பாகப் பொடித்த மிளகு, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியிலிருந்து பால் மாதிரி வழிய வேண்டும், திட்டுத் திட்டாக விழக் கூடாது. இதை மட்டும் நெருப்பில் காட்டாதீர்கள், எண்ணெய் பிரிந்துவிடும். வெந்த கோழி நெருப்பை விட்டு இறங்கிய பிறகுதான் இது.

தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகுச் சாஸ். மஞ்சள் நிறத்தில், கடுகும் வினிகரும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தது. பன்றித் தோளுக்கு அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் கடுகின் காரம் நாக்கைவிட மூக்கில் ஏறும், கொழுப்பின் கனத்தை அது வேறு வழியில் உடைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. இதை நான் உறுதியான செய்தியாகச் சொல்ல மாட்டேன். அவர்கள் குடியேறியது உண்மை, அவர்கள் உணவில் கடுகுக்கு இடம் இருந்ததும் உண்மை. ஆனால் இந்தச் சாஸ் தெளிவாகக் கண்ணில் படுவது 20-ஆம் நூற்றாண்டின் கடைகளில்தான். இடையில் உள்ள நீண்ட காலத்தை ஒரு ஊகம்தான் இணைக்கிறது.

டெக்ஸாஸின் நடுப்பகுதியில் பிரிஸ்கெட்டுக்கு உப்பும் மிளகும் ஓக் விறகின் புகையும் போதும் என்பார்கள். லாக்ஹார்ட் ஊரில் 1900-இல் கசாப்புக் கடையாகத் தொடங்கிய க்ரூட்ஸ் மார்க்கெட் பல பத்தாண்டுகள் சாஸே வைக்காமல் நடந்தது. நன்றாக வெந்த பிரிஸ்கெட்டுக்குச் சாஸ் வேண்டாம் என்பதில் நானும் அவர்கள் கட்சி. மேலோட்டின் மிளகும் புகையும் உருகிய கொழுப்பும் சேர்ந்து தானாகவே ஒரு சாஸ் ஆகிவிடுகிறது. அப்படியும் வேண்டுமென்றால் இனிப்பை விட்டுவிட்டுக் கசப்பின் பக்கம் போகலாம். ஆஸ்டினில் ஃபிராங்க்ளின் பார்பிக்யூ கடையின் எஸ்பிரஸோ சாஸ் அந்த வகை. காபியின் கசப்பு மாட்டிறைச்சியின் கருகலான ஓரத்தோடு நன்றாக ஒத்துப்போகும். கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் வயதான ஆட்டுக்கறிக்கு வூஸ்டர்ஷயர் சாஸை அடிப்படையாக வைத்த கறுப்பு டிப் ஊற்றுகிறார்கள். வூஸ்டர்ஷயரில் புளியும் நெத்திலி வகை மீனும் ஊறியிருக்கின்றன. ஆட்டின் வாடையை அடக்க இந்தப் புளிப்பும் ஆழமும்தான் சரி, கெட்சப் அங்கே தோற்றுப்போகும்.

உங்களுக்குக் கெட்டியான சிவப்புச் சாஸ்தான் வேண்டும் என்றால் வீட்டிலேயே செய்துவிடலாம். இரண்டு கப் கெட்சப், அரைக் கப் சைடர் வினிகர், மூன்றில் ஒரு பங்கு கப் பிரவுன் சுகர், இரண்டு மேசைக்கரண்டி மொலாசஸ், ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர்ஷயர், ஒரு மேசைக்கரண்டி கடுகு பேஸ்ட், ஒரு மேசைக்கரண்டி பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி), ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் ஒவ்வொரு தேக்கரண்டி, காரத்துக்குத் தக்கபடி மிளகாய்த்தூள். கெட்சப்பிலேயே எடையில் கால் பங்குக்குக் கிட்டே சர்க்கரை இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அதனால்தான் மேற்கொண்டு சேர்க்கும் அளவைக் குறைத்திருக்கிறேன். இந்த அளவில் இரண்டு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை வரும். சிறு தீயில் இருபது நிமிடம், அடிக்கடி கிளறிக்கொண்டே. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதை அரித்து உலோகச் சுவை ஏற்றிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. பச்சை வெங்காயம் பூண்டுக்குப் பதில் பொடி சொல்வதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பொடி ஒரே சீராகக் கரைந்து பூச்சு வழுவழுப்பாக வருகிறது. துண்டுகள் இருந்தால் பிரஷ்ஷில் ஒட்டிக்கொள்ளும், கறியின் மேல் முதலில் கருகுவதும் அவைதான்.

சுவை பார்ப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். கொதிக்கும்போது பார்த்தால் வினிகர் ஆவி மூக்கை அடைத்துவிடும், இனிப்பும் கூடுதலாகத் தெரியும். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் பரப்பி ஆற விடுங்கள். ஆறியதும் ஒரு துண்டு கறியில், அதுவும் சாஸ் போடாத கறியில் தொட்டுச் சாப்பிடுங்கள். மூன்று வாய் தொடர்ந்து சாப்பிட வேண்டும், ஒன்றோடு நிறுத்தக் கூடாது. மூன்றாவது வாயிலும் முதல் வாய் மாதிரியே ஆசை இருந்தால் சாஸ் சரி. திகட்டினால் வினிகர் போதவில்லை. தட்டையாக, எதுவோ இல்லாத மாதிரி இருந்தால் பெரும்பாலும் உப்புதான் குறைவு. எல்லோரும் அந்த இடத்தில் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். கடையில் வாங்கிய பாட்டிலையும் இப்படித் திருத்தலாம்: ஒரு கப் சாஸுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் சேர்த்து ஐந்து நிமிடம் சூடாக்கினால் ஆளே மாறிவிடும்.

புகைச் சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டிலில் லிக்விட் ஸ்மோக் என்று பார்த்ததும் ரசாயனம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது உண்மையான விறகுப் புகையைக் குளிர வைத்துப் பிடித்த நீர். 1895-லேயே எர்னஸ்ட் ரைட் என்ற மருந்தாளர் அதை விற்கத் தொடங்கிவிட்டார். சிக்கல் அளவில்தான். ஒரு கப்புக்குக் கால் தேக்கரண்டியைத் தாண்டினால் மருந்து வாடை அடிக்கும். நீங்கள் விறகோ கரியோ வைத்து வேக வைப்பதானால் அது வேண்டவே வேண்டாம், கறியிலேயே புகை இருக்கிறது. வீட்டு ஓவனில் செய்தால் சில சொட்டு போதும்.

இனி, அடித்துச் சொல்ல முடியாதவை. வேகும்போது அடிக்கடி நீர்த்த சாஸைத் தெளித்தால் கறி ஈரமாக இருக்கும் என்கிறார்கள். தெளித்த நீர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, வேகும் நேரம் கூடுகிறது, இது நிச்சயம். உள்ளே ஈரம் மிஞ்சுகிறதா என்பதை நான் நம்பத் தயங்குகிறேன். மூடியைத் திறக்கத் திறக்க வெப்பம் போவதுதான் மிச்சம். அதேபோல, முந்தின நாளே சாஸில் ஊறவைத்தால் சுவை உள்ளே இறங்கும் என்பது. உப்பு மெல்ல உள்ளே போகும். மற்றவை மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அந்த அளவுக்கு உப்பை மட்டும் தடவி வைப்பது மேல். சமைத்த சாஸை ஒரு நாள் வைத்தால் சுவை கூடும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். வினிகரின் பச்சை நெடி அடங்குவது எனக்கே தெரிகிறது. ஆனால் அதற்காக விருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சைடர் வினிகருக்கும் வெள்ளை வினிகருக்கும் பெரிய வித்தியாசம் உண்டா என்றால், மிளகாயும் மிளகும் மட்டும் உள்ள நீர்த்த சாஸில் உண்டு. கெட்சப்பும் மொலாசஸும் சேர்ந்த சாஸில் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

என் பதிலின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் புளிப்புக்கு நாக்கைப் பழக்கியவன். பிள்ளைகளுக்கும் காரம் பிடிக்காதவர்களுக்கும் நான் சொல்லும் அளவு தூக்கலாகப் படலாம், அப்போது வினிகரில் கால் பங்கைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்கு எவ்வளவு சாஸ் ஆகும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, அதை அவர்களுடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். பாட்டில்களின் சேர்மானமும் அடிக்கடி மாறும் என்பதால், பிராண்டின் பெயரை நினைவில் வைப்பதைவிட ஒவ்வொரு முறையும் லேபிளைப் படிப்பது நல்லது.

எவ்வளவு நாள் வைக்கலாம் என்றும் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வினிகரும் மிளகாயும் மட்டும் உள்ள சாஸ் மூடிய பாட்டிலில், குளிர்சாதனப் பெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும். கெட்சப் சாஸை மூன்று நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெள்ளைச் சாஸுக்கு ஒரு வாரம்தான். வெளியே அலமாரியில் வைப்பதற்காக வீட்டில் பாட்டிலில் அடைக்க நினைத்தால் கவனம் வேண்டும். அமிலத்தைக் காட்டும் பிஎச் எண் (அமிலம் கூடக் கூட இது குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால்தான், உணவை நஞ்சாக்கும் பொட்டுலிசம் கிருமி வளராது. நான் சொன்ன அளவுகளில் வினிகர் தாராளமாக இருப்பதால் அதைவிடக் கீழேதான் வரும், ஆனால் நீங்கள் பச்சைப் பூண்டு, வெங்காயம், பழக்கூழ் என்று சேர்க்கச் சேர்க்கக் கணக்கு மாறும். அளந்து பார்க்கக் கருவி இல்லையென்றால் குளிரிலேயே வையுங்கள். இன்னொன்று, பச்சைக் கறியைத் தொட்ட பிரஷ்ஷை முக்கி எடுத்த சாஸை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். சமைக்கத் தொடங்கும் முன்பே பாதியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, தடவுவதற்கு மீதியை மட்டும் பயன்படுத்துங்கள். தடவியது போக மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.